1982ன் எதிர்காலத்தை உங்கள் கம்ப்யூட்டரில் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்கிற வேலைகள் அநேகமாக ஒன்றுதான். வால்பேப்பரை மாற்றுவார்கள். மொபைலில் இருக்கும் குடும்பப் போட்டோக்களைக் காப்பி செய்வார்கள். பிறகு ஒரு பாட்டைப் போடுவார்கள். சத்தம் வருகிறது, ஸ்பீக்கர் வேலை செய்கிறது என்று முடிவு செய்து மூடிவிடுவார்கள். ஆனால் ஸ்பீக்கர் வேலை செய்வது வேறு, பாட்டு முழுதாகக் காதுக்கு வந்து சேர்வது வேறு. இந்த வித்தியாசத்தை எனக்குப் புரிய வைத்தது ஒரு பழைய ஆல்பமும், அம்பத்தூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அண்ணனும்.

அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பகலில் பிரஸ், இரவில் மெல்லிசைக் கச்சேரி. ஆடி மாதம் வந்துவிட்டால் பாடி, ஆவடி, பூந்தமல்லி என்று ஒவ்வொரு அம்மன் கோயிலிலும் தும்பா வாசித்துவிட்டு, கடைசி ரயிலில் தூங்கிக்கொண்டே வருவார். ஒரு வருடம் குழுவில் ரிதம் பேட் வாங்கினார்கள். அடுத்த ஆடிக்கு அவரைக் கூப்பிடவில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். தும்பா இன்னமும் அவர் வீட்டுப் பரண் மேல் போர்வை சுற்றியபடி இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் மகளின் படிப்புக்காக ஒரு லேப்டாப் வாங்கினார். செட் செய்து கொடுக்கப் போன நான், வேலை முடிந்ததும், "அண்ணே, ஒரு விஷயம் கேளுங்க" என்று ஒரு ஆல்பத்தைப் போட்டேன். இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டார். "என்ன தம்பி, கொசு மருந்து வண்டி போற மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்த லேப்டாப் ஸ்பீக்கரில் அது அப்படித்தான் கேட்டது. தப்பு என்னுடையது.

அது என்ன ஆல்பம்?

ஆல்பத்தின் பெயர் "சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்". 1982ல் எச்.எம்.வி. இசைத்தட்டாக வெளிவந்தது. செய்தவர் சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா ஸ்டுடியோக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்தவர். ஆர்.டி. பர்மன் உள்பட பலருடைய இசையில் பங்கு பெற்றவர். சொந்தமாக ஒரு ஆர்கெஸ்ட்ரா வைத்துத் திருமண நிகழ்ச்சிகளிலும் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது இந்திப் படங்களில் எங்கு பார்த்தாலும் டிஸ்கோ. அந்தத் தாளத்தின் மேல் ராகத்தை வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

பாடகர் இல்லை, பக்கவாத்தியம் இல்லை, உடன் வாசிப்பவர் ஒருவரும் இல்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தயாரித்த மூன்று கருவிகளை மட்டும் வைத்துத் தனியாளாகச் செய்தார். தாளத்துக்கு டி.ஆர்.-808, 1980ல் வந்த ரிதம் மெஷின். மேலே ராகம் வாசிக்க ஜூபிடர்-8 என்ற சிந்தசைஸர். அடியில் ஓடும் பேஸுக்கு டி.பி.-303. இந்த மூன்றாவது கருவியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏனென்றால் ஆல்பத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

டி.பி.-303 என்பது கைப்பெட்டிக்குள் வைக்கக்கூடிய அளவில் ஒரு சின்னக் கருவி. 1981 கடைசியில் விற்பனைக்கு வந்தது. தனியாகக் கிதார் வாசித்துப் பழகுபவருக்கு பேஸ் கிதார்காரர் இல்லாத குறையைத் தீர்ப்பதற்காகச் செய்தார்கள். ஆனால் அதில் வந்த சத்தம் பேஸ் கிதார் போலவே இல்லை. ஸ்வரங்களை முதலில் ஒரு வரிசையாக ஏற்ற வேண்டும், அவை எந்த இடத்தில் ஒலிக்க வேண்டும் என்பதைப் பிறகு தனியாக ஏற்ற வேண்டும். இந்தத் தலைவலியை யார் வாங்கிக்கொள்வார்கள்? 1984ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போக முடியும். மேற்கத்திய இசைக்காரருக்கு அது ஒரு வேடிக்கை. ராகம் தெரிந்தவருக்கு அதுதானே வேண்டும்! சரண்ஜித் சிங் அதைப் பிடித்துக்கொண்டார்.

இசைத்தட்டு விற்கவில்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1987ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃபியூச்சர் என்ற குழு அதே டி.பி.-303ன் குமிழ்களைத் திருகி "ஆசிட் ட்ராக்ஸ்" என்ற இசைத்தட்டை வெளியிட, அதில் இருந்து ஆசிட் ஹவுஸ் என்று ஒரு புது வகை நடன இசையே பிறந்தது. 2002ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு இசைத்தட்டு சேகரிப்பாளர் கையில் சரண்ஜித் சிங்கின் தட்டு அகப்பட்டது. 2010ல் அதை மறுபடி வெளியிட்டபோது, சிகாகோவுக்கு ஐந்து வருடம் முன்பே பம்பாயில் ஒருவர் இதைச் செய்தாரா, யாரோ இப்போது செய்துவிட்டுப் பழையது என்று ஏமாற்றுகிறார்களா என்று வெளிநாட்டில் பலர் சந்தேகப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவரையே ஐரோப்பாவுக்கு அழைத்து மேடையில் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய மனிதர் அதே பழைய கருவிகளோடு போய் வாசித்தார். 2015ல் காலமானார்.

லேப்டாப் எதை விழுங்குகிறது?

இப்போது அண்ணனின் கொசு மருந்து வண்டிக்கு வருவோம்.

ஒலியின் உயரத்தை ஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்கிறோம். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 808 ரிதம் மெஷினின் "டும்" சத்தம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். லேப்டாப்பில் இருக்கும் ஸ்பீக்கர் ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரியது. அதனால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. சாதாரண லேப்டாப்பில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகச் சத்தம் வேகமாகத் தேய்ந்துவிடும். ஆக, 303ன் அடிப்பகுதியும் 808ன் அடியும் காணாமல் போய், மேலே இருக்கும் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. சினிமாப் பாட்டில் இது அவ்வளவாகத் தெரிவதில்லை. பாடகர் குரல் நடுவில் இருப்பதால் நாம் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறோம். குரலே இல்லாத இந்த ஆல்பத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

நம்பிக்கை இல்லையா? நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரை அதன் சொந்தத் தளத்தில் இருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். மேலே உள்ள ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைக் கிளிக் செய்தால் ஒரு சிறிய கட்டம் கிடைக்கும். அதில் ஃப்ரீக்வென்ஸி என்ற இடத்தில் 440 என்று கொடுத்து ஓகே கொடுத்து, பிளே செய்து கேளுங்கள். பளிச்சென்று கேட்கும். அடுத்து அதே இடத்தில் 60 என்று கொடுத்துக் கேளுங்கள். திரையில் அலை ஓடும், லேப்டாப்பில் சத்தம் வராது, வந்தாலும் லேசாக உறுமும். சத்தம் வரவில்லையே என்று வால்யூமை முழுதாக ஏற்றிவிட வேண்டாம், சின்ன ஸ்பீக்கர் பாழாகும். இப்போது வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டி, பிறகு மெதுவாக ஏற்றுங்கள். அந்த 60 ஹெர்ட்ஸ் காதுக்குள் வந்து உட்காரும்.

எனவே முதல் வேலை ஒரு ஹெட்போன். விலை உயர்ந்தது வேண்டாம், ஒயர் உள்ளது போதும், காதை நன்றாக மூட வேண்டும். வீட்டில் பழைய மியூசிக் சிஸ்டம் ஆக்ஸ் இன்புட்டோடு சும்மா கிடந்தால் இன்னும் நல்லது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் இருந்து ஒரு கேபிள் போட்டால் முடிந்தது.

புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பாட்டு திடீரென்று டெலிபோனில் கேட்பது போல ஆகிவிடும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும் (நானும் ஒருவன்). விஷயம் இதுதான். ஏதோ ஒரு மீட்டிங் புரோகிராம் பின்னால் திறந்திருந்து அந்த ஹெட்போனின் மைக்கை எடுத்துக்கொண்டால், புளூடூத் பேசும் முறைக்கு மாறிவிடுகிறது. அந்த முறையில் இசைக்குரிய தரம் கிடையாது. புரோகிராமை மூடவும். அல்லது சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுக்கவும். சில புதிய கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது விண்டோஸ் செட்டிங். விண்டோஸ் 11ல் டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் செல்லவும். அங்கே உங்கள் ஹெட்போன் பெயரில் கிளிக் செய்தால் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதை ஆஃப் செய்திடவும். சின்ன ஸ்பீக்கரில் பெரிய சத்தம் வருவது போலக் காட்ட இவை செய்யும் வேலைகள் ஹெட்போனில் கேட்கும்போது இடைஞ்சல்தான். சவுண்ட் செட்டிங்ஸ் முதல் பக்கத்தில் மோனோ ஆடியோ என்பது ஆன் ஆகி இருந்தால் அதையும் ஆஃப் செய்து விடுங்கள்.

ஃபைல் சரியானதா?

ஹெட்போன் சரியாக இருந்தும் ஃபைல் மட்டமானதாக இருந்தால் பயன் இல்லை. உங்களிடம் உள்ள எம்பி3 ஃபைலில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ் டேப் சென்றால் பிட் ரேட் என்ன என்று தெரியும். 128 கேபிபிஎஸ் என்றால் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 1 எம்பி. 320 என்றால் சுமார் 2.4 எம்பி. ஆடியோ சிடியில் இருப்பது 1411 கேபிபிஎஸ், நிமிடத்துக்குப் பத்து எம்பிக்கு மேல். 128க்குக் கீழே போனால் ரிதம் மெஷினின் "ட்ஸ்" சத்தம் தண்ணீருக்குள் கேட்பது போலக் குழையும். மின்னணு இசையில் இது சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 64ல் இருந்த ஃபைலை எடுத்து 320 ஆக மாற்றிப் பரப்புபவர்கள் உண்டு. எம்பி கூடும், இசை கூடாது. ஒருமுறை வெட்டி எறிந்தது திரும்ப வராது. ஆல்பத்தின் பெயரையும் சரண்ஜித் சிங் பெயரையும் சேர்த்துத் தேடி, உரிமையோடு விற்பவரிடம் அல்லது ஒலிபரப்புபவரிடம் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது?

மொத்தம் பத்து ராகங்கள். பெயர்கள் இந்துஸ்தானியில் இருப்பதால் நமக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பூபாலி என்று போட்டிருப்பது நம் மோகனம். மால்கௌன்ஸ், ஹிந்தோளம். யமன் நம் கல்யாணிக்கும் கலாவதி வலஜிக்கும் உறவு. பைராகியில் ரேவதியும், மதுவந்தியில் தர்மவதியும், மேக் மல்ஹாரில் மத்யமாவதியும் தெரியும். தோடி என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இந்துஸ்தானி தோடி நம்முடைய தோடி அல்ல, சுபபந்துவராளி.

புதிதாகக் கேட்பவர்கள் பூபாலியில் ஆரம்பியுங்கள். மோகனம் காதுக்குப் பழகியது, தொலைந்துபோக மாட்டீர்கள். முதல் முறை மேலே போகும் ராகத்தை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை அதை விட்டுவிட்டு அடியில் ஓடும் 303ஐ மட்டும் பிடியுங்கள். அது ஒரே வளையத்தைச் சுற்றிச் சுற்றி வரும், ஆனால் அதன் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். சில சமயம் வாயை மூடிக்கொண்டு முனகுவது போல, சில சமயம் வாயைத் திறந்து கத்துவது போல. வேகம் ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை மாறாது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த மாறாத தாளம் முதலில் எரிச்சல் தரும். எனக்கும் தந்தது. பத்து ராகத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் இப்போதும் தரும். ஒரு நாளைக்கு இரண்டு ராகம் போதும் என்பது என் அனுபவம்.

நம் ஊரில் இதே காலத்தில் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் 1986ல் வந்த இரண்டு படங்களின் இசையைத் தேடி எடுங்கள். "விக்ரம்", "புன்னகை மன்னன்". இரண்டுக்கும் இசை இளையராஜா. புன்னகை மன்னன் இசைக்கு யமஹாவின் சி.எக்ஸ்.5.எம். என்ற மியூசிக் கம்ப்யூட்டர் பயன்பட்டது. வீட்டு டிவியோடு இணைத்துப் பயன்படுத்தக்கூடிய, கீபோர்டு வடிவத்தில் இருக்கும் ஒரு ஹோம் கம்ப்யூட்டர் அது. அந்தக் காலத்தில் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர்களில் திலீப் என்பவரும் ஒருவர், பின்னாளில் ஏ.ஆர். ரகுமான். புன்னகை மன்னனின் தீம் இசையை ஹெட்போனில் ஒரு முறை கேளுங்கள். ரேடியோவிலும் டீக்கடை ஸ்பீக்கரிலும் நூறு முறை கேட்டதில் எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று தெரியும்.

நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம்

டி.பி.-303 இன்று பழம்பொருள். விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் அதைப் போலவே ஒலிக்கும் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. எல்.எம்.எம்.எஸ். என்ற சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால் அதற்குள்ளேயே எல்.பி.302 என்ற பெயரில் இருக்கிறது. பெயரைப் பார்த்தாலே யாருடைய தம்பி என்று தெரிகிறதல்லவா?

புரோகிராமைத் திறந்ததும் இடது ஓரத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பட்டியல் கிடைக்கும். அதில் எல்.பி.302ஐ மவுஸால் இழுத்து வந்து சாங் எடிட்டர் விண்டோவில் விடவும். புதிதாக ஒரு ட்ராக் உருவாகும். அதன் வலது பக்கக் காலி இடத்தில் முதல் கட்டத்தில் கிளிக் செய்து, தோன்றும் சிறு பெட்டியில் டபுள் கிளிக் செய்தால் பியானோ ரோல் திறக்கும். இடது பக்கம் பியானோ கட்டைகள், வலது பக்கம் கட்டம் போட்ட தாள். நோட்டின் நீளத்தைப் பதினாறில் ஒன்று என்று வைத்துக்கொள்ளவும்.

"சி" கட்டையை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் மோகனத்துக்கு சி, டி, இ, ஜி, ஏ என்ற ஐந்து வெள்ளைக் கட்டைகள் போதும். தாழ்ந்த ஸ்தாயியில் இந்தப் பதினாறையும் வரிசையாகக் கிளிக் செய்திடவும்: ச ச ப ச, க ரி ச (ஒன்று காலி), த ப ச ச, க ப த (ஒன்று காலி). மேலே டெம்போ என்ற இடத்தில் 140 இருக்கும், அதை 125 ஆக்குங்கள். லூப் பட்டனை ஆன் செய்து ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்.பி.302 விண்டோவில் கட்ஆஃப் என்ற குமிழை மெதுவாகத் திருப்புங்கள். கூடவே ரெசனன்ஸ் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அந்த "வ்வாவ்" வருகிறதா? சிகாகோவும் பம்பாயும் பிடித்துக்கொண்டது அதைத்தான். அடிக்குத் தாளம் வேண்டுமானால் கிக்கர் என்ற இன்ஸ்ட்ருமென்ட்டை பீட்+பேஸ்லைன் எடிட்டரில் (புதிய பதிப்பில் பேட்டர்ன் எடிட்டர்) விட்டு, பதினாறு கட்டத்தில் 1, 5, 9, 13ஐக் கிளிக் செய்திடவும். பிறகு சாங் எடிட்டரில் அதற்குரிய ட்ராக்கிலும் முதல் கட்டத்தைக் கிளிக் செய்தால்தான் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். இதை மறந்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஃபைலை சேவ் செய்யவும் மறக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஹெட்போன் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி அண்ணன் வீட்டுக்குப் போனேன். பூபாலியைப் போட்டேன். இந்த முறை கொசு மருந்து வண்டி என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "பிரஸ் ஓடுற மாதிரியே இருக்கு தம்பி, பெல்ட் நல்லா இருந்தா இப்படித்தான் ஒரே சீரா ஓடும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இதுல தும்பாக்காரன் எங்க உட்காருவான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாசித்தவரும் உங்களை மாதிரி ஆர்கெஸ்ட்ராக்காரர்தான், கல்யாணத்தில் வாசித்தவர்தான் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பாதியில் விரல்கள் மேஜை மேல் தட்ட ஆரம்பித்தன. மெஷினோடு சேர்ந்து அல்ல, மெஷின் அடிக்காத இடங்களில்.

பிறகு என் மோகனத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். 125 வேகம் ஜாஸ்தி, குறை என்றார். 112ல் நிறுத்தச் சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டு, பரண் மேலே இருப்பதை இறக்க ஸ்டூல் எடுத்து வரச் சொன்னார். தும்பாவின் தோல் தளர்ந்து போயிருந்தது. ஒரு மணி நேரம் முறுக்கினார். லேப்டாப்பில் ஒரு சாதாரண மைக் மாட்டி ஆடாசிட்டியில் பதிவு செய்தோம். அதற்கு எல்.எம்.எம்.எஸ்.ஸில் செய்ததை முதலில் எக்ஸ்போர்ட் கொடுத்து வேவ் ஃபைலாக மாற்றி, ஆடாசிட்டியில் இம்போர்ட் செய்து, அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இரண்டாவது ட்ராக்கில் பதிய வேண்டும். ஸ்பீக்கரில் விட்டால் இரண்டும் மைக்கில் கலந்துவிடும். முதல் பதிவில் தெருவில் போன தண்ணீர் லாரியின் ஹாரன் விழுந்துவிட்டது. அதை அழிக்க வேண்டாம், இருக்கட்டும் என்றார் அண்ணன்.